அந்த ஒரு நாள் ஓய்வைக் கொடுத்துவிடுங்கள் ஐயா

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும் உள்துறைச் செயலாளர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு முதல்நிலைக் காவலரின் மனைவி. பெயரையும் ஊரையும் போடாததற்கு மன்னிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் போலீஸ்காரர் சங்கம் சேரக்கூடாது, பத்திரிகைக்கு எழுதக்கூடாது என்று 1966லேயே சட்டம் போட்டாகிவிட்டது. அவர் வாய் திறக்க முடியாது, அதனால் காவலர்களின் வார ஓய்வைக் கேட்டு நான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் இப்போது சஸ்பென்ஷனில் இருக்கிறார். குடித்துவிட்டு பைக் ஓட்டி ஒரு பெரியவரை இடித்துவிட்டார். அவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. சஸ்பெண்டை ரத்து செய்யுங்கள் என்று கேட்க இந்தக் கடிதம் எழுதவில்லை. தப்பு தப்புதான். ஆஸ்பத்திரிக்கு நான் போனேன். அந்தப் பெரியவரின் மனைவி என்னைத் திட்டவில்லை. "பிடிக்கிற போலீஸே இப்படிப் பண்ணலாமாம்மா?" என்று மட்டும் கேட்டார். வாங்கிப்போன ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன், என்னிடம் பதில் இல்லை. வாகனச் சோதனையில் நின்று அடுத்தவர்களை ஊதச் சொன்ன மனிதர்தான் இவர். நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் வழக்கு, பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்பதெல்லாம் எனக்கே மனப்பாடமாகத் தெரியும், அவர் சொல்லிச் சொல்லி.

ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது என்பதையும் நீங்கள் கேட்க வேண்டும்.

சென்ற கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை பந்தோபஸ்து. வெளி மாவட்டத்திலிருந்து ஆட்களை வரவழைப்பதும் அவர்களை எங்கே தங்க வைப்பார்கள் என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தீபத்தன்று விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருக்கிறார். பரணி தீபத்துக்கு முன்னாலேயே ஸ்பாட்டில் நிற்க வேண்டும். அப்புறம் மாலை மகாதீபம். அது முடிந்ததும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஓரிடத்தில் விடிய விடிய நின்றிருக்கிறார். மறுநாள் மதியம் வேனில் ஏற்றினார்கள், இரவு ஏழு மணிக்கு இங்கே வந்து இறங்கினார். இறங்கும்போதே, காலை ஆறு மணிக்கு ரோல்கால், அதாவது வருகைக் கணக்கெடுப்பு, என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் வீட்டுக்கு வரவில்லை, டாஸ்மாக் பாருக்குப் போயிருக்கிறார். ஒன்பதரைக்கு பைக்கை எடுத்திருக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள், கண் மூடி நாற்பத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஏன் குடித்தாய் என்று நானும் கேட்டேன். "படுத்தா தூக்கம் வரணும், அதுக்குத்தான்" என்றார். கோபத்தில் அப்போது என்னென்னவோ பேசிவிட்டேன். ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்தவருக்குப் பகலில் தூக்கம் வராமல் புரண்டதைப் பல வருஷமாகப் பார்த்தவள்தான் நானும். போனை மார்மேல் வைத்துக்கொண்டுதான் படுப்பார். சைலண்டில் போடமாட்டார். கூப்பிட்டு எடுக்கவில்லை என்றால் விளக்கம் கேட்டு மெமோ.

தூக்கமில்லாமல் வண்டி ஓட்டுவது பற்றி அவர் சஸ்பெண்ட் ஆன பிறகு தேடிப் படித்தேன். 1997ல் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரைப்போலத் தடுமாறுமாம். இருபத்து நான்கு மணி நேரம் என்றால் 100 மில்லிகிராம் அளவுக்கு. நம் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30. அப்படியென்றால் அன்று அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் வந்திருந்தாலும் அந்தப் பெரியவருக்கு ஆபத்துதான். ஊதுகிற கருவி தூக்கத்தைக் காட்டாது. இன்றைக்கும் நைட் ரவுண்ட்ஸ் முடித்துவிட்டு, பந்தோபஸ்து முடித்துவிட்டு எத்தனை பேர் அப்படியே பைக்கில் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார்களோ, எங்கள் குவார்ட்டர்ஸில் ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

வார ஓய்வு என்று ஒன்று இருக்கிறதே ஐயா. 2021 ஜூலையில் அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு அவர்கள் சுற்றறிக்கை அனுப்பினார். அடுத்து சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார், அந்த நவம்பரில் அரசாணையே வந்தது. காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள். அன்று எங்கள் லைனில் சாக்லேட் கொடுத்தோம். பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் லீவு, போலீஸ் வயர்லெஸ் மைக்கில் வாழ்த்து என்றும் அந்தச் சுற்றறிக்கையில் இருந்தது. போன வருஷம் எங்கள் கல்யாண நாளன்று மைக்கில் வாழ்த்து வந்தது. ஒரு பொதுக்கூட்ட மேடைக்குப் பின்னால் டியூட்டியில் நின்றுகொண்டே அவர் அதைக் கேட்டிருக்கிறார்.

அவருக்குப் புதன்கிழமை ஆஃப். நான் பால் கணக்கு எழுதுகிற காலண்டரில் புதன்கிழமைகளை வட்டம் போட்டு வைப்பேன். அவர் முழு நாளும் வீட்டில் இருந்தால் வட்டத்துக்குள் ஒரு டிக். சஸ்பெண்ட் ஆன அன்று ராத்திரி அந்தக் காலண்டரை எடுத்து எண்ணினேன். ஜூனிலிருந்து நவம்பர் வரை இருபத்தாறு வட்டம். டிக் ஏழு. மற்ற நாட்களில் காலையிலேயே போன் வந்துவிடும், வி.ஐ.பி. வருகிறார், மறியல், ஆள் பத்தாது. ஒரு புதன்கிழமை மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்தாயிற்று, ஆசாரி ஊசியை எடுத்தபோது இவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஆனால் ஸ்டேஷன் சார்ட்டில் அந்த இருபத்தாறு நாளும் ஓய்வு என்றுதான் இருக்கிறது. அந்தச் சார்ட்தான் மேலே போகிறது, அதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

அந்த ஓய்வைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். புதிதாக ஒரு சலுகை வேண்டாம். நீங்கள் கையெழுத்துப் போட்டதைக் கொடுங்கள்.

ஆள் பற்றாக்குறை என்பீர்கள். மும்பையில் தேவனார் காவல் நிலையத்தில் 2016ல் எட்டு மணி நேர ஷிப்ட் போட்டுப் பார்த்தார்களே, அங்கே மட்டும் ஆள் கொட்டியா கிடந்தது? ஒரு கான்ஸ்டபிள் போட்டுக் கொடுத்த யோசனையைக் கமிஷனர் காதுகொடுத்துக் கேட்டார். இங்கே கான்ஸ்டபிள் சொல்வதைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது உள்துறைக்கு. கடையை நடத்துவது அரசாங்கம். அதை ஒட்டி பார். பார் வாசலில் வரிசையாக பைக். பைக்கில் வந்தவன் குடித்துவிட்டு எதில் திரும்புவான்? அது தெரியாமலா உரிமம் கொடுக்கிறீர்கள்? அவனை அடுத்த முனையில் நின்று பிடிக்க எங்கள் வீட்டு ஆண்களை ராத்திரி ஒரு மணி வரை நிறுத்துகிறீர்கள். வேறு யார் வீட்டுப் பெரியவரும் அடிபடாமல் இருக்க வேண்டுமென்றால் அதையும் யோசிக்க வேண்டும் ஐயா.

சரி, எங்கேயோ போய்விட்டேன். கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தோடு சேர்ந்து காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி நடத்தினீர்கள். குடியிலிருந்தும் மன அழுத்தத்திலிருந்தும் காவலர்கள் மீள சென்னையில் 'மகிழ்ச்சி' திட்டம் தொடங்கினீர்கள். நல்ல விஷயங்கள், மனசார நன்றி சொல்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் ஒரு காவலர் "எனக்குக் குடியை விட முடியவில்லை" என்று தானாகப் போய்ச் சொன்னால், சிகிச்சைக்கு முன்னால் சார்ஜ் மெமோ வந்துவிடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். விபத்துக்கு முன்னாலேயே வாய் திறந்து கேட்பவரைத் தண்டிக்க மாட்டோம் என்று எழுத்தில் ஒரு வரி கொடுங்கள். இந்த மூன்று மாதமாக, சஸ்பென்ஷனில் இருப்பவருக்குக் குறைத்துத் தரும் பிழைப்பூதியத்தில் ஓட்டுகிறோம். அவர் தினமும் வீட்டில் இருக்கிறார், வாரம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போகிறேன். ராத்திரி தூங்குகிறார்.

உங்களிடம் தாழ்மையாகக் கேட்பது இதுதான். ஏதாவது ஒரு புதன்கிழமை, எந்த மாவட்டமாக இருந்தாலும் சரி, ஏதோ ஒரு ஸ்டேஷனின் டியூட்டி சார்ட்டை வரவழைத்து, அதில் ஓய்வு என்று போட்டிருக்கிற பத்துப் பேருக்கு உங்கள் போனிலிருந்தே கூப்பிடுங்கள். எங்கே இருக்கிறாய் என்று கேளுங்கள். யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு காவலரின் மனைவி