விண்ணப்பக் கோப்பில் பாதியை மட்டும் படித்த தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதவி உயர்வுத் தேர்வுக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். என் விண்ணப்பம் ஏன் திரும்பியது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'இசைத் தொழில்நுட்பக் கட்டுரைகள் பாடத்துக்குத் தொடர்பற்றவை. வானியற்பியல் சைட்டேஷன் (பிறர் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை) போதாது' என்று குறிப்பு எழுதியவர்களே நீங்கள்தான். கேட்பது ஒன்றுதான்: அந்த இசைக் கட்டுரைகளையும், அந்தத் துறை தெரிந்த ஒருவரை வைத்து, தயவுசெய்து படித்துப் பாருங்கள்.

நேர்காணலில் என் முன்னால் இரண்டு பிரிண்ட் அவுட் வைத்தீர்கள். ஒன்றில் வானியலுக்கு மட்டும் எச்-இண்டெக்ஸ், இன்னொன்றில் இசைக்கு மட்டும். பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் பத்து என்று வரும் எண் அது. 'ரெண்டுலயும் கம்மியா இருக்கேம்மா' என்றார் ஓர் உறுப்பினர். ஒருவருடைய கட்டுரைகளை இரண்டு கட்டாகப் பிரித்தால் எந்தக் கட்டின் எண்ணும் மொத்தத்தின் எண்ணைத் தாண்டாது, பெரும்பாலும் இறங்கும். இது கூட்டல் கழித்தல் அளவிலான விஷயம். எதிரே இருந்தவர்கள் அனைவரும் அறிவியல் பேராசிரியர்கள். 2005-இல் இந்த அளவைக் கொண்டுவந்த இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷே, ஓர் ஆளின் பணியை ஒற்றை எண் தோராயமாகத்தான் காட்டும், அது துறைக்குத் துறை மாறும் என்று அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். 2017-இல் நியூட்ரான் விண்மீன்கள் மோதியது பற்றி வந்த கட்டுரைக்கு 3,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். அந்த உழைப்புக்குச் சைட்டேஷன் கொட்டுவது நியாயமே. இரண்டு பேர் உட்கார்ந்து எழுதும் குரல் ஆய்வையும் அதே முழக்கோலால் அளப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

'தொடர்பற்றவை' என்ற சொல்லுக்கு வருகிறேன். நான் செய்வது, ஒளி கூடிக் குறையும் மாறொளிர் விண்மீன்களின் அலைவுக் காலத்தைத் தேடுவது. பகலில் அளக்க முடியாது, மேகம் வந்தால் முடியாது, மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஒன்றும் கிடைக்காது. இப்படி ஓட்டை ஓட்டையாக இருக்கும் தரவில் ஒளிந்திருக்கும் ஒழுங்கைப் பிடிக்க, வானியலாளர்கள் லோம்ப் 1976-இலும் ஸ்கார்கிள் 1982-இலும் வழி சொன்னார்கள். பாடகரின் குரலும் மூச்சு வாங்கும் இடத்தில் அறுந்துபோகும், கமகத்தில் சுருதி அலையும், பின்னால் தம்பூரா விடாமல் ஒலிக்கும். அங்கேயும் கேள்வி அதுதான்: இரைச்சலுக்குள் திரும்பத் திரும்ப வருவது எது? விண்மீனுக்காக எழுதிய நிரலின் பெரும்பகுதி குரலுக்கும் உதவியது. கட்டுரையின் இரண்டாம் பக்கத்திலேயே இது இருக்கிறது. அதுவரை யாரும் புரட்டவில்லை என்று நினைக்கிறேன்.

மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பிய கருஞ்சாந்து எப்படி ஒலியைச் சுருதியோடு சேர்க்கிறது என்று சர் சி.வி. ராமன் 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். நல்லவேளை, அவர் நம் குழுவிடம் விண்ணப்பிக்கவில்லை.

அப்புறம், 'வெறும் கான்ஃபரன்ஸ் பேப்பர்' என்ற குறிப்பு. என் இசைக் கட்டுரைகள் வந்த இஸ்மிர் (ISMIR), இசைத் தகவல் ஆய்வுக்கான பன்னாட்டு மாநாடு, 2000-இலிருந்து நடக்கிறது. முழுக் கட்டுரையை அனுப்பி, மதிப்பீட்டாளர்கள் ஏற்றால்தான் உள்ளே இடம். இசைத் தகவல் ஆய்வில் இருப்பவர்கள் முக்கியமான வேலையை அங்கேதான் முதலில் வெளியிடுகிறார்கள். 2022 டிசம்பரில் அது பெங்களூருக்கே வந்தது. டிசம்பர் என்றதும் சபா கச்சேரி என்று நினைத்துவிட்டீர்களோ என்னவோ.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வந்தபோது 'பல்துறை ஆய்வு' என்று ஃபிளெக்ஸ் அடித்து வராண்டாவில் மாட்டினோமே, அதில் இருந்தவையும் இதே கட்டுரைகள்தான். அன்றைக்குத் தொடர்பு இருந்தது. பார்வையாளர் வரும்போது பல்துறை, பதவி உயர்வு கேட்டால் ஒரே துறை. விண்ணப்பப் படிவத்திலும் 'துறை: ஒன்று மட்டும்' என்றுதான் கட்டம் போட்டிருக்கிறது. பல்துறைக் கல்வியை வலியுறுத்தும் கல்விக் கொள்கை பற்றிக் கருத்தரங்கு நடத்தி, சால்வை போர்த்தி, போட்டோ எடுத்த கையோடு அந்தக் கட்டத்தையும் மாற்றியிருக்கலாம்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டு மனுவை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். இரண்டு துறைக் கட்டுரைகளையும் ஒரே பட்டியலாகச் சேர்த்துக் கணக்கிடுங்கள். இசைத் தொழில்நுட்பம் தெரிந்த ஒரு வெளி மதிப்பீட்டாளரிடம் அந்தக் கட்டுரைகளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். யாரை அழைப்பது என்று தெரியாவிட்டால் பெயர்ப் பட்டியல் தருகிறேன், என்னோடு சேர்ந்து எழுதியவர் ஒருவரும் அதில் இருக்கமாட்டார். படித்துவிட்டுத் தரம் போதாது என்று அவர் எழுதினால் ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்துக்குள் இதைச் செய்துதரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் துறை உதவிப் பேராசிரியை