கடலூர் ஸ்கேட்போர்டு பொதுப் பழுதுபார்ப்பு அறை: நன்கொடை வேண்டுகோள்

பாடலீசுவரர் துணை

கடலூர்ப் பெருமக்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நம் பிள்ளைகளின் ஸ்கேட்போர்டுகளை, அதாவது நின்றபடி ஓட்டும் சக்கரப் பலகைகளை, பழுதுபார்க்க மஞ்சக்குப்பத்தில் பேசி வைத்திருக்கும் அறைக்குப் புரட்டாசி முடிவதற்குள் முன்பணம் கட்டியாக வேண்டும். உரிமையாளர் ஏற்கெனவே ஒரு மாதம் பொறுத்துவிட்டார். முன்பணம், கருவிகள் எல்லாம் சேர்த்துத் தேவை 64,000 ரூபாய். கையில் இருப்பது 41,500. குறைவது 22,500. ஐப்பசி பிறந்தால் அடைமழை. பலகைகளை வைக்க உலர்ந்த இடம் நம்மிடம் இல்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அடுத்து வந்த தென்பெண்ணை வெள்ளமும் யாருக்கும் மறந்திருக்காது. வீட்டு வாசல்களில் கிடந்த ஸ்கேட்போர்டுகள் அப்போது ஊறிப் போயின. மேப்பிள் மரத்தின் 7 மெல்லிய தகடுகளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகை அது. தண்ணீர் இறங்கினால் ஓரம் பிரிந்து ஏடு ஏடாகக் கழன்றுவிடும். பிறகு எந்தத் தச்சராலும் சேர்க்க முடியாது.

நம் ஊர் பழுதுபார்க்கத் தெரிந்த ஊர். கல்லே தெப்பமாகி அப்பர் பெருமான் கரையேறிய மண் இது. முதுநகர்த் துறைமுகத்தில் படகின் பலகையை மாற்றிக் கொடுத்த கைகளும், சுனாமிக்குப் பிறகு வலையையும் எஞ்சினையும் சீர்செய்த கைகளும், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கூரைகளைப் பிய்த்தெறிந்தபோது பொங்கலுக்குள் ஓடு வேய்ந்து நிமிர்ந்த கைகளும் இன்னும் நம் தெருக்களில்தான் இருக்கின்றன. எங்கள் குழுவின் மூத்தவர்களில் மூவர் பட்டறையிலேயே தலை நரைத்தவர்கள். அவர்களிடம் இந்தப் பிள்ளைகள் தொழில் கற்கிறார்கள் என்பதே எங்களுக்குப் பெரும் பெருமை.

இது வேலையற்றவர்களின் விளையாட்டு என்று சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு தகவல். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதில் பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கு அப்போது வயது 13. நம் தெருப் பிள்ளைகளின் வயதுதான்.

பொதுவில் ஓர் அறை எதற்கு என்று கேட்பவர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்கிறோம். ஒரு பலகைக்கு 4 சக்கரம், அவை சுழல உள்ளே 8 பேரிங் என்னும் குண்டு வளையங்கள். உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ. கொண்ட சாதாரண 608 பேரிங்தான். பேரிங் கடைகளில் கிடைக்கும். சில்வர் பீச் மணலும் உப்புக் காற்றும் அதற்குள் புகுந்துவிட்டால் சக்கரம் கரகரவென்று அரைத்துக்கொண்டு நின்றுவிடும். குண்டூசியால் மேல்மூடியை நெம்பி எடுத்து, மண்ணெண்ணெயில் அலசி, நன்றாக உலர்த்தி, தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் மீண்டும் ஓடும். பிள்ளைகள் வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெயை ஊற்றுகிறார்கள். அது பிசுபிசுத்து இன்னும் மணலைத்தான் சேர்க்கிறது. சக்கர நட்டு அரை அங்குலம். பலரும் அதைவிடச் சற்றே பெரிய 13 மி.மீ. ஸ்பானரை மாட்டித் திருகுவதால் நட்டின் முனைகள் மழுங்கிவிடுகின்றன. சரியான மூன்று அளவு ஸ்பானர் பொதுவில் இருந்தால் ஐம்பது பலகைக்கும் போதும்.

ஷூவின் கதை இன்னும் வேதனை. பலகையின் மேலுள்ள உப்புத்தாள் போன்ற கிரிப் டேப், முன்கால் ஷூவின் சுண்டுவிரல் பக்கத்தைத் தேய்த்து ஓட்டையாக்கிவிடுகிறது. மற்றொரு ஷூ புதிதாகவே இருக்கும். இடக்காலை முன்வைப்பவனுக்கு இடது ஷூ போகும், வலக்காலை முன்வைப்பவனுக்கு வலது. ஒரே அளவுள்ள இருவரின் மிச்ச ஷூக்களைச் சேர்த்தால் ஒரு ஜோடி தேறிவிடும். அறை அமைந்தால் இந்த மாற்றுக்கென்றே ஓர் அலமாரி வைப்போம். தேயும் இடத்தில் முன்கூட்டியே பசை பூசுவதையும், பழைய தோல் பையிலிருந்து ஒட்டு வெட்டித் தைப்பதையும் சொல்லித்தர, செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் மனமுவந்து வாக்களித்திருக்கிறார்.

செலவு இதுதான்: அறை முன்பணம் 20,000, மேசை, அலமாரி 11,000, கருவிகள் 9,500, பேரிங், நட்டு, கிரிப் டேப் 13,500, ஷூவுக்கான தோல், பசை, நூல் 10,000.

இதுவரை தந்தவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். பொருளை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வைஸ் ஒன்றைத் தன் பட்டறையிலிருந்தே கழற்றிக் கொடுத்த முதியவருக்கு, மாதந்தோறும் தவறாமல் 200 ரூபாய் தரும் தையற்கடை அம்மாவுக்கு, மீன் விற்ற பணத்தில் முந்தானை முடிச்சை அவிழ்த்து 50 ரூபாய் நோட்டை நீட்டிய தாய்மார்களுக்கு, பெயர் போட வேண்டாம் என்று சிங்கப்பூரிலிருந்து 10,000 அனுப்பிய தம்பிக்கு, உண்டியலை உடைத்துச் சில்லறை கொண்டுவந்த ஏழாம் வகுப்பு மாணவிக்கு எங்கள் சிரம் தாழ்ந்த வணக்கம். இறைவன் அவர்கள் குலத்தை வாழவைப்பான்.

சித்திரைக் கூட்டத்தில் கை உயர்த்தித் தொகை சொன்னவர்களில் 9 பேர் இன்னும் தரவில்லை. பெயரை வாசிக்க எங்களுக்கு மனமில்லை. மீன்காரத் தாய்மார்கள் கொடுத்த பிறகும் நாம் தரவில்லையே என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும். பிள்ளைகளுக்குச் சொன்ன சொல், கோயிலில் சொன்ன சொல்லுக்குச் சமம்.

ஞாயிறுதோறும் காலை 7 முதல் 10 மணி வரை சில்வர் பீச் நுழைவாயில் அருகே குழுவினர் ரசீதுப் புத்தகத்துடன் இருப்பார்கள். எவ்வளவு சிறிய தொகையானாலும் ரசீது கேட்டு வாங்குங்கள். பணம் தர இயலாதவர்கள் பழைய ஸ்பானர், கிழிந்த தோல் பை, ஒற்றை ஷூ எதுவாயினும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் குழு உறுப்பினர்கள்,
கடலூர்