எர்த் பின்னை உடைக்கச் சொன்ன கடைக்கு ஒரு புகார்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் கடையில் என் லேப்டாப்பை அப்கிரேட் செய்யக் கொடுத்தேன். 16 ஜிபி ராம், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான வகைச் சேமிப்பு டிஸ்க்), ஒலியில் வரும் இரைச்சலுக்கு ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு, கூலியோடு 4,650 ராண்ட். நான் ஸ்டூடியோ வைத்திருப்பவன் இல்லை. கோயில் காவடி, சொந்தக்காரர் கல்யாணம், தமிழ்ப் பள்ளி விழா என்று வீடியோ எடுத்து, டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் வெட்டி ஒட்டிக் கொடுக்கிறேன். அந்தப் பணம் சேர நாலு கல்யாணம் ஆனது (என்னுடையது இல்லை).

பில்லில் 8 ஜிபி ராம் இரண்டு என்று இருக்கிறது. வீட்டில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது, ஒரே 16 ஜிபி. "எப்படியும் 16தானே" என்றார் உங்கள் ஆள். இல்லை ஐயா. என் லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, உள்ளே இருப்பது ராமையே பங்கு போட்டுக்கொள்கிறது, இரண்டுக்குப் பதில் ஒரே ராம் இருந்து ஒரே சேனலில் (ஒரே பாதையில்) ஓடினால் அதற்குக் கிடைக்கும் வேகம் பாதியாகிவிடும். கலர் கரெக்‌ஷன் போட்டதும் டைம்லைன் திக்கித் திக்கி நிற்பது அதனால்தான்.

எஸ்எஸ்டி கதையும் அதேதான். டிஸ்க் வேகத்தை அளக்கும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க்கில் நொடிக்கு 530 எம்பி வேகம் காட்டுகிறது, அதாவது சாட்டா என்ற மெதுவான வகை. என்விஎம்இ என்றால் சாதாரணமாக ஆயிரக்கணக்கில் காட்டும். பார்க்க இரண்டும் ஒரே பட்டை போலத்தான் இருக்கும், என் ஸ்லாட் இரண்டையும் ஏற்கும், அதனால் மாட்டிவிட்டால் தெரியாது என்று நினைத்தீர்கள் போல. உண்மையைச் சொன்னால் 1080பி எடிட்டிங்குக்கு சாட்டாவே போதும். ஆனால் நான் காசு கொடுத்தது அதற்கில்லையே.

இப்போது அந்த இரைச்சல். கோயிலின் சவுண்ட் மிக்சரிலிருந்து லேப்டாப்புக்கு ஒலி எடுத்தால் அடியில் 'ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டே இருக்கும். சவுண்ட் கார்டு போட்டால் போய்விடும் என்றீர்கள், போகவில்லை. திரும்ப வந்தபோது கவுன்டரில் இருந்த தம்பி என் சார்ஜர் பிளக்கை வாங்கி, குறடை எடுத்து அந்தத் தடித்த பின்னில் வைத்து, "இதை உடைத்துவிட்டால் சரியாகிவிடும் அங்கிள்" என்றார். பிடுங்கிக்கொண்டு வந்தேன். அது எர்த் பின். 230 வோல்ட் ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பாற்றுவதற்காக வைத்திருப்பது.

காரணத்தைக் கடைசியில் ஒரு குழந்தைதான் கண்டுபிடித்தது. பஜனை நடுவில் வயரில் கால் தட்டி சார்ஜர் கழன்றதும், அந்த நொடியே சத்தம் நின்றது. மிக்சருக்கு ஓர் எர்த், சார்ஜருக்கு ஓர் எர்த், இரண்டும் ஆடியோ வயர் வழியாகச் சேர்ந்து ஒரு வளையம், அதில் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் முனகுகிறது. யுஎஸ்பி கார்டும் அதே லேப்டாப்பின் எர்த்தில்தான் தொங்குகிறது, அப்புறம் எப்படிப் போகும்? ஆடியோ வயர் நடுவில், அந்த வளையத்தைத் துண்டிக்கும் ஒரு சின்ன ஐசோலேட்டர் மாட்டியதும் தீர்ந்தது. அதற்கு முன் பதிவானதை ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் 50, 100, 150 ஹெர்ட்ஸில் வெட்டிப் பார்த்தேன், நாய்ஸ் ரிடக்‌ஷனும் போட்டேன். பெரியம்மாவின் தேவாரம் குடத்துக்குள்ளிருந்து பாடுவது போல ஆகிவிட்டது.

2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவில், குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் சரிசெய்வதா, மாற்றுவதா, பணமா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர்தான் என்று இருக்கிறது. என் தேர்வு இது: ராம் பில்லில் உள்ளபடி இரண்டாக வர வேண்டும், எஸ்எஸ்டி மாற வேண்டும், சவுண்ட் கார்டுக்குப் பணம் திரும்ப வேண்டும். பத்து வேலை நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போவேன்.

இன்னொன்று. கழற்றிய பழைய பாகங்களைத் தனியாக வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 67ஆம் பிரிவு சொல்கிறது. என் பழைய ஹார்டு டிஸ்க் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது, அதில் அடுத்தவர் வீட்டுக் கல்யாணங்கள் இருக்கின்றன. முதலில் அதைக் கொடுங்கள், மற்றதை அப்புறம் பேசுவோம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்