சோயாவுக்கு 15 அங்குல வரிசை: தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தோட்ட நிர்வாகி அவர்களுக்கு வணக்கம்.

பழைய செம்பனையை அகற்றிப் புதுக்கன்று நட்ட மறுநடவுப் பகுதியில் ஊடுபயிராகச் சோயா போடுகிறவர்கள் 30 அங்குல இடைவெளியில்தான் வரிசை பிடிக்க வேண்டும், மீறினால் அடுத்த பருவத்தில் இடம் கிடையாது என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். இடம் தந்ததற்கு என்றும் நன்றியுடையவர்கள் நாங்கள். ஆனால் அந்த அளவு இங்கே ஒத்துவராது. 15 அங்குலத்துக்கு அனுமதி கொடுங்கள்.

30 அங்குலம் அமெரிக்காவில் மக்காச்சோள விதைப்பு இயந்திரத்தின் அளவு. அதே இயந்திரத்தில் சோயாவையும் விதைக்கலாம் என்பதால் அங்கே அது வசதி. அயோவாவில் ஜூன் மாதப் பகல் 15 மணி நேரம் நீளும். சோயா குறும்பகல் பயிர் என்பதால், நீண்ட பகலில் பூப்பதைத் தள்ளிப்போட்டுப் புதராக வளர்ந்து அந்த இடைவெளியை மூடிவிடும். மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள நம் பீடோங்கில் ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. ஐந்தாவது வாரத்துக்குள் பூத்துவிடும். செடி குட்டையாகவே நிற்கும், 30 அங்குலத்தை எப்படி மூடும்?

விதைச் செலவு கூடும் என்கிறீர்கள். கூடாது. செம்பனை 9 மீட்டர் முக்கோண நடவு. நிரைக்கு நிரை சுமார் 25½ அடி. இருபுறமும் ஆறரை அடி விட்டால் சோயாவுக்கு 12½ அடிப் பட்டை. 30 அங்குலத்தில் 6 வரிசை, அடிக்கு 7 செடி: பட்டையின் ஓரடி நீளத்துக்கு மொத்தம் 42. 15 அங்குலத்தில் 11 வரிசை வரும். நடு வரிசையை நடைபாதைக்கு விட்டால் 10. ஆறு அங்குலத்துக்கு ஒரு குழி, குழிக்கு 2 விதை என்றால் அடிக்கு 4 செடி: மொத்தம் 40. விதை ஏறக்குறைய அதே அளவுதான். உங்கள் கணக்கில் செடிக்குச் செடி இரண்டு அங்குலம்கூட இல்லை. நெருக்கத்தில் தண்டு மெலிந்து, பலத்த மழையில் சாய்ந்துவிடும்.

களையெடுப்புதான் பெரும்பாடு. மூடாத இடத்தில் வெயில் நேரே விழுந்து மிக்கானியாக் கொடியும் லாலாங் புல்லும் முளைக்கின்றன. கிளைபோசேட் களைக்கொல்லியின் சாரல் பட்டால் சோயாவும் கருகும், இளஞ்செம்பனையும் கெடும். மூன்றாம் வாரக் களையோடு முடிய வேண்டிய வேலை, ஆறாம் வாரமும் வருகிறது. அப்போது செடியில் பூவும் பிஞ்சும் இருக்கும். சங்கூல் (மண்வெட்டி) போட்டால் மேல்வேர் அறுந்து பூ கொட்டும் என்பதால் விரலால்தான் பிடுங்க வேண்டும். காலையெல்லாம் உதிரிப்பழம் பொறுக்கிய பெண்கள் மாலையில் அந்த வரிசைகளில் மறுபடி குனிகிறார்கள். அந்தக் குனிவுக்குக் கூலி கிடையாது.

நெருக்கினால் துரு நோய் வரும் என்ற உங்கள் அச்சம் நியாயமானது. இலை காய நேரமாகும். நடைபாதை கேட்பதே அதற்குத்தான்: காற்று புகும், பூத்த நாளிலிருந்து அடியிலைகளைத் திருப்பிப் பார்க்க வழி இருக்கும்.

குடிநீர்க் குழாய் எங்கே, கூடாரம் எங்கே, வரிசை எத்தனை அங்குலம் என எல்லாவற்றையும் வேலை செய்கிறவர்களைக் கேட்காமலேயே முடிவு செய்கிறீர்கள். இது எங்களுக்கு வலிக்கிறது. வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மன்னிக்கவும், கேட்க வந்தது ஒன்றுதான். 15 அங்குலத்துக்கு அனுமதி கொடுங்கள். முழுப் பகுதிக்கும் தயக்கம் என்றால் நான்கு பட்டைகள் தாருங்கள். இரண்டில் உங்கள் அளவு, இரண்டில் எங்கள் அளவு. களையெடுத்த மணிநேரத்தையும் காய்ந்த பயறின் எடையையும் தோட்டத்துக் கணக்கர் கிராணியே குறித்துக்கொள்ளட்டும். விதை ஈரக்காற்றில் சீக்கிரம் முளைப்புத்திறன் இழக்கும், ஆகவே விதை மூட்டையைப் பிரிக்கும் முன்பே எழுத்தில் பதில் தருமாறு பணிவோடு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மறுநடவுப் பகுதியில் ஊடுபயிர் போடும் குடும்பங்கள்