படத்தில் இல்லாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

சுங்கை சிப்புட் வாழ் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதக் கடைசியில் சனியும் ஞாயிறும் நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) பாலாய் ராயா என்ற பொது மண்டபத்தில் நடந்த, போனில் ஐவர் ஐவராக மோதும் மொபைல் லெஜண்ட்ஸ் ஆட்டப் போட்டி நல்லபடியாக முடிந்தது. 16 டீம், 80 பிள்ளைகள். கோப்பையோடு நிற்கும் டீமின் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தில் இல்லாதவர்களுக்காக இந்த மடலை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை. படித்தாலே யாரைச் சொல்கிறேன் என்று நம் ஊரில் தெரிந்துவிடும்.

முதல் நன்றி, போட்டிக்கு வர முடியாத ஒருவருக்கு. கடைத்தெரு மாடியில் சிசி (சைபர் கஃபே) வைத்திருந்த அண்ணனுக்கு.

நான் இரண்டாம் படிவம் படித்த காலம். லிந்தாங் சாலைப் பக்கம் தோட்டத்து லயத்திலிருந்து நாலைந்து பேர் சைக்கிளில் வருவோம். ஒரு மணி நேரத்துக்கு 2 வெள்ளி (ரிங்கிட்). கையில் ஒரு வெள்ளிதான் இருக்கிறது என்றால் அரை மணி நேரம் உட்கார விடுவார். அங்கேதான் கவுண்டர் ஸ்டிரைக் 1.6 என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம் பழகினோம். அப்போது இணையம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆட்டத்துக்கு அது தேவைப்படவில்லை. கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களை வயரால் இணைத்து, அவற்றில் ஒன்றைச் செர்வராக வைத்தால் போதும். அந்த ஆட்டமே மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் ‘ஹாஃப் லைஃப்’ என்ற இன்னொரு ஆட்டத்தின் மேல் 1999-ல் கட்டியதுதான். வால்வ் நிறுவனம் பிறகுதான் அதை எடுத்துக்கொண்டது. டோட்டா என்ற ஆட்டமும் அப்படியே வார்கிராஃப்ட் 3 ஆட்டத்துக்குள் ரசிகர்கள் வரைந்த ஒரு மேப்பில் பிறந்தது. இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர் அண்ணன்தான். “விளையாடுறவன் பண்ணினதுடா இது” என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் எங்களுக்கு உடம்பு சிலிர்க்கும்.

அவர் கடையில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. எந்த டீம் யாரை ஜெயித்தது என்று அவரே எழுதுவார். கெட்ட வார்த்தை பேசினால் ஒரு நாள் வெளியே. எஸ்.பி.எம். தேர்வு மாதத்தில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு இடமே கிடையாது, காசு கொடுத்தாலும் கிடையாது. எங்கள் ஊரில் இந்த ஆட்டங்களுக்கு ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது என்றால் அது அந்தப் பலகையில் ஆரம்பித்தது.

2013 ஆகஸ்டில் அவர் கடையை விடிய விடியத் திறந்து வைத்ததையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சியாட்டலில் டோட்டா 2-க்கான உலகப் போட்டி, தி இன்டர்நேஷனல், நடந்தது. நம் மலேசியாவின் ஆரஞ்சு டீம் கடைசி மூன்று டீம்களில் ஒன்றாக வந்து நின்றது. எதிரே நாவி என்ற டீம். ஆட்டத்தில் செத்தவருக்கு ஒருமுறை உயிர் திருப்பித் தரும் ஏஜிஸ் என்ற பொருளை எடுக்கப் போய், நம் ஆட்டக்காரர் தவறுதலாக அதை அடித்து உடைத்துவிட்டார். கடையில் யாரும் வாய் திறக்கவில்லை. ஆரஞ்சு மூன்றாம் இடம். ஒருவர் “பரவாயில்லடா, உலகத்துலயே மூணாவது” என்றார். அந்தப் பின்னிரவில் அங்கே இருந்தவர்களில் மூன்று பேர் இந்தப் போட்டியின் ஏற்பாட்டுக் குழுவில் இருந்தோம்.

2016-ல் மொபைல் லெஜண்ட்ஸ் வந்தது. கம்ப்யூட்டர் வாங்க முடியாத வீட்டிலும் ஒரு போன் இருந்தது. பிள்ளைகள் சிசி-க்கு வருவது நின்றது, கடையும் மூடியது. அண்ணன் இப்போது உடம்பு சரியில்லாமல் மகள் வீட்டில் இருக்கிறார். கடை நாற்காலிகளில் மூன்றை வைத்திருந்து, “ரெஃப்ரிக்குக் கொடுங்க” என்று அனுப்பி வைத்தார். ரெஃப்ரிகள் இரண்டு நாளும் அதில்தான் உட்கார்ந்தார்கள். அண்ணே, நன்றி.

இடம் கிடைத்த கதை சுருக்கமாக. முதலில் ஒத்துக்கொண்ட ஓர் இடம், போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது “இது சூதாட்டம் மாதிரி” என்று சொல்லி மறுத்துவிட்டது. மனம் கசந்தாலும் அந்தப் பயத்தில் ஒரு நியாயம் இருப்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆட்டத்தைச் சுற்றிப் பணம் கட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதனால்தான் பந்தயம் கட்டுகிறவர் யாராக இருந்தாலும் மண்டபத்தை விட்டு வெளியே என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டினோம். பாலாய் ராயாவைத் திறந்துவிட்ட தாமான் குழுவினருக்கும், மக்ரிப் தொழுகை நேரத்தில் அரை மணி இடைவேளை விட்டால் போதும் என்று மட்டும் கேட்ட மலாய்ப் பெரியவர் பாக்சிக்குக்கும் நன்றி. அந்த இடைவேளை எங்கள் எல்லாருக்குமே நல்லதாகப் போயிற்று. பிள்ளைகள் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள்.

தமிழ்ப்பள்ளியில் சதுரங்கம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நாங்கள் முதலில் போட்டிருந்த அட்டவணை தோற்றால் வீட்டுக்குப் போ என்ற முறை. அதைப் பார்த்த ஐயா கேட்ட ஒரே கேள்வி: “லாசாவுல இருந்து வேன் எடுத்துக்கிட்டு வர்ற பையன் கால் மணி நேரம் ஆடிட்டுத் திரும்பிப் போகணுமா?” அதற்குப் பிறகு அவரே உட்கார்ந்து சனிக்கிழமைக்குச் சுவிஸ் முறையைப் போட்டுக் கொடுத்தார். 1895-ல் சூரிச் நகரச் சதுரங்கப் போட்டியில் தொடங்கிய முறை அது. யாரும் வெளியேறுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சமமான புள்ளி வைத்திருப்பவர்கள் மோதிக்கொள்வார்கள். 16 டீமுக்கு நாலு சுற்று ஆடினால் தோற்காத டீம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். நாலு டீம் மூன்று வெற்றியோடு நிற்கும். ஆறு டீம் இரண்டு வெற்றியோடு நிற்கும். சிக்கல் அங்கேதான். முதல் எட்டுக்குள் போக அந்த ஆறில் மூன்றுக்குத்தான் இடம்.

வெளியே நின்ற மூன்று டீமில் ஒன்று கோபப்பட்டது, எனக்கும் அது புரிந்தது. ஐயா கரும்பலகைக்கு முன் அவர்களை உட்கார வைத்து, ஒவ்வொரு டீமும் யார் யாரோடு மோதியது, அந்த எதிராளிகள் மொத்தம் எத்தனை வெற்றி பெற்றார்கள் என்று கூட்டிக் காட்டினார். கடினமான ஆட்களோடு மோதி இரண்டு வென்றவர், சுலபமானவர்களோடு மோதி இரண்டு வென்றவருக்கு மேலே வருவார். சதுரங்கத்தில் இதற்குப் புக்ஹோல்ஸ் கணக்கு என்று பெயர், 1932-லிருந்து இருக்கிறது. பிள்ளைகள் தாங்களே ஒருமுறை கூட்டிப் பார்த்தார்கள். பிறகு எழுந்து ஐயாவுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை எட்டு டீம், இரண்டு முறை தோற்றால்தான் வெளியே, மொத்தம் 14 மேட்ச். ஒருமுறை தோற்றவர்கள் ஆடும் கீழ்வரிசை வழியாக ஏறி வந்தும் கோப்பைக்குப் போகலாம் என்ற அந்த ஏற்பாடும் ஐயாவுடையதே.

வயர் இழுத்த லைன்மேன் அண்ணனுக்கு அடுத்த நன்றி. பாலாய் ராயாவில் ஃபைபர் கிடையாது. பின்னால் இருக்கும் போன் கடைத் தவுக்கே தன் கடை லைனை இரண்டு நாளுக்குத் தந்தார். காசு வாங்கவில்லை. அங்கிருந்து மண்டபத்துக்குச் சாக்கடையைத் தாண்டி 70 மீட்டர். இந்த வகை வயர் 100 மீட்டர் வரை தாங்கும், அதற்கு மேல் நம்ப முடியாது என்று அண்ணன் முதலில் அடிகோலால் அளந்துவிட்டுத்தான் வயர் வாங்கினார். நான் நிறைய வேகம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் திருத்தினார். இந்த ஆட்டம் சாப்பிடும் டேட்டா கொஞ்சம்தான். விரல் அழுத்தியது செர்வருக்குப் போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது, அது ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். அதுதான் பிங். பார்க்க வந்தவர் ஒருவர் அதே வைஃபையில் வீடியோ போட்டால் ஆடுகிறவருக்கு லாக் அடிக்கும், அதாவது ஆட்டம் திக்கித் திக்கி நிற்கும். எனவே ஆட்டக்காரர்களுக்கு ஒரு ரூட்டர், பார்வையாளர்களுக்கு இன்னொன்று. ஆட்டக்காரர்களின் பாஸ்வேர்டை அவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மாற்றினார். சனிக்கிழமை முழுக்க ஒரு புகாரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை மழை பிடித்தது. பேராக்கில் இருப்பவர்களுக்குத் தெரியும், நாலு மணிக்கு மேல் வானம் எப்படி இடிக்கும் என்று. கீழ்வரிசை இறுதி ஆட்டம். ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்து 1–1, மூன்றாவது நடக்கிறது. ஒரு இடி, மண்டபத்தில் மின்சாரம் டிரிப் ஆனது. ரூட்டரும் போனது. பத்துப் பேரும் ஆட்டத்திலிருந்து அறுந்தார்கள். ஆனால் ஆட்டம் நிற்கவில்லை, செர்வரில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு டீமிடம் நல்ல டேட்டா இருந்தது, ஒரு நிமிடத்துக்குள் ஐந்து பேரும் திரும்ப உள்ளே. இன்னொரு டீம் தோட்டத்துப் பிள்ளைகள். இரண்டு பேரிடம் டேட்டாவே இல்லை. அவர்கள் வருவதற்குள் லார்ட் என்ற பெரும் பூதமும் எதிராளி கைக்குப் போனது, டவரும் போனது, ஆட்டமும் முடிந்தது.

எங்கள் விதியில் என்ன எழுதியிருந்தோம் என்றால், முதல் கில் விழுந்த பிறகு (ஒருவர் எதிராளியை முதன்முதலில் வீழ்த்திய பிறகு) யார் அறுந்தாலும் மறுஆட்டம் கிடையாது. அப்படிப் பார்த்தால் முடிவு முடிவுதான். தலைமை ரெஃப்ரியாக இருந்த தங்கச்சி, ஈப்போவில் படிக்கிற பிள்ளை, இரண்டு நிமிடம் கேட்டாள். விதித்தாளை மறுபடி படித்தாள். “அண்ணே, இந்த விதி ஆட்டக்காரர் போன் செத்தா, அவர் லைன் போனா, அதுக்கு. இங்க செத்தது நம்ம லைன். நம்ம தப்புக்கு அவங்க தோக்கக் கூடாது” என்றாள். நான் அவளைவிட பதினைந்து வயது மூத்தவன், எனக்கு அது தோன்றவில்லை.

அவள் அறிவிக்கப் போகும் முன்பே ஜெயித்த டீமின் கேப்டன் எழுந்து வந்தான். 17 வயது. “அக்கா, திரும்ப ஆடுவோம். இப்படி ஜெயிச்சு ஃபைனல் போக வேண்டாம்” என்றான்.

மறுஆட்டத்துக்கு அதே ஹீரோக்கள் (ஆடும் பாத்திரங்கள்), அதே தடைகள் என்று ரெஃப்ரி முடிவு செய்தாள். அதுவும் சரியான முடிவு. இரண்டு பக்கமும் ஆளுக்கு ஐந்து ஹீரோவைத் தடை செய்து, மாறி மாறித் தேர்ந்தெடுப்பதில்தான் பாதிச் சண்டை இருக்கிறது. எதிராளியின் திட்டத்தைப் பார்த்துவிட்ட பிறகு புதிதாக எடுக்க விட்டால் அது வேறு ஆட்டமாகிவிடும். திரும்ப ஆடினார்கள். அந்த 17 வயதுப் பையனின் டீம் தோற்றது. மூன்றாம் இடம். அவன் அழுததை நான் பார்த்தேன், அழுதுகொண்டே எதிர் டீமின் ஐந்து பேருக்கும் கை கொடுத்ததையும் பார்த்தேன். தம்பி, உனக்கும் உன் டீமுக்கும் இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது. விதியை ஒழுங்காக எழுதாதது எங்கள் குற்றம். அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். மண்டபத்தின் மின்சாரமோ இணையமோ போனால் எந்த நிமிடமானாலும் மறுஆட்டம் என்று இப்போது எழுதிவிட்டோம்.

அந்த மறுஆட்டம் நடந்ததே கோயில் ஜெனரேட்டரால்தான். தகவல் போன 25 நிமிடத்தில், கொட்டும் மழையில், கோயில் கமிட்டி ஐயா ஒருவரும் இரண்டு இளைஞர்களும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். திருவிழாவுக்கு மட்டும் வெளியே எடுக்கும் ஜெனரேட்டர் அது.

சாப்பாட்டுக்கு: சனிக்கிழமை நாசி லெமாக் 120 பொட்டலம் கட்டித் தந்த மாக்சிக் அம்மாவுக்கும், இரண்டு நாளும் மைலோவும் தேத்தண்ணியும் கலக்கிய மகளிர் குழு அக்காமார்களுக்கும் நன்றி. சைவம் சாப்பிடும் பிள்ளைகளுக்குத் தனியாகத் தக்காளிச் சோறு வைத்தவர் யார் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. இதைப் படித்தால் சொல்லுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. 2019-ல் பிலிப்பீன்ஸ் சீ விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டு பதக்கப் பட்டியலில் சேர்ந்தது என்றும், 2024-ல் ரியாத்தில் நம் சிலாங்கூர் ரெட் ஜையண்ட்ஸ் டீம் மொபைல் லெஜண்ட்ஸ் கோப்பையை வென்றது என்றும் வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். அதைவிட உங்களைச் சம்மதிக்க வைத்தது என்ன என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். ரப்பர் மரம் சீவப் போகிறவர், காலை நாலரைக்கு எழுந்திருக்கிறவர். “யாரு கூட இருக்கான், எத்தனை மணிக்கு வருவான்னு நீங்க எழுதிக் கொடுத்தீங்க, அதான்” என்றார். ஞாயிற்றுக்கிழமை மகனின் பின்னால் நின்று, என்ன நடக்கிறது என்று புரியாவிட்டாலும் இரண்டு மணி நேரம் பார்த்தார். அம்மா, நன்றி.

கணக்கு: ஒரு டீமுக்கு 50 வெள்ளி வீதம் வந்த 800 வெள்ளியும் பரிசாகவே போய்விட்டது. முதல் பரிசு 400, இரண்டாவது 250, மூன்றாவது 150. வயர், தண்ணீர், எண்ணெய் ஆகியவற்றை நன்கொடையில் பார்த்துக்கொண்டோம். பில் எல்லாம் பாலாய் ராயா அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது.

ஜெனரேட்டருக்கு எண்ணெய் நிரப்பிக் கோயிலில் ஒப்படைத்தாயிற்று. தவுக்கே கடை வயரையும் சுருட்டிக் கொடுத்தாயிற்று. மண்டபத்தில் ஒரு நீலச் சார்ஜர், இரண்டு குடை, மூடி இல்லாத ஒரு சாப்பாட்டு டப்பா, சிறு பிள்ளையின் ஒற்றைச் செருப்பு ஆகியவை கிடக்கின்றன. மாலை ஆறு மணிக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஏற்பாட்டுக் குழு சார்பில்