சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகம் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா,

வழக்கு முடியும்வரை அடைத்துவைக்கும் விளக்கமறியலில் தோட்டப் பிள்ளைகள் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். என் அண்ணன் மகன் செய்யாத குற்றத்தை அடுத்த வழக்குத் தவணையில் ஒப்புக்கொள்ளப் போகிறானாம்.

உள்ளே போன புதிதில் அவன் பேச்சே வேறு. "சித்தப்பா, நான் செய்யல, எவ்வளவு காலமானாலும் வழக்கை நடத்துவோம்" என்றான். சில மாதம் போனதும் வழக்குப் பேச்சு குறைந்து, எங்கே படுத்தால் தூங்கலாம், யாரைப் பகைக்கக்கூடாது என்பதே பெரிய யோசனையாகிவிட்டது. அப்புறம் தவணை தள்ளிப் போகப் போக, அம்மாவை வர வேண்டாம் என்றான். அண்ணி ஒருமுறை பார்க்கப் போனால் அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்கூலி, போச்சு, பஸ்ஸுக்குக் கடன், சில நிமிடப் பேச்சு, மறுநாள் விடிய மலைக்கு ஏற வேண்டும். அம்மாவின் அந்தப் பேரைக் காப்பாற்றத்தான் அவன் இந்த முடிவுக்கு வந்திருக்கிறான். ஒப்புக்கொண்டால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று சொன்னது பக்கத்தில் படுப்பவர். கையில் உள்ள தாள்களோ சிங்களத்தில். அவற்றைத் தமிழில் விளக்கிச் சொல்ல அங்கே ஒரு அதிகாரி இல்லை.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்புப் பெறும் உரிமை அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரையில் இருக்கிறது, சரி. ஆனால் கூண்டில் ஏறும் முன்பே அவன் முடிவெடுத்துவிட்டானே ஐயா! விசாரணை முடியாத ஒருவரைப் பொதுவாக 12 மாதம் வரைதான் உள்ளே வைக்கலாம், மேல் நீதிமன்றம் நீடித்தால் இன்னும் 12 மாதம் வரை என்கிறது 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம். ஒரு இளைஞன் மனம் விட்டுப்போக அவ்வளவு காலம் தேவையில்லை.

அதனால்தான் கேட்கிறேன், மலையகச் சிறைகளில் தமிழ் தெரிந்த நலன்புரி அதிகாரியை நியமியுங்கள். கண்டி போகம்பறைச் சிறையை 2014இல் மூடிப் பல்லேகலைக்குக் கொண்டு போனீர்கள், கட்டடம் புதிதானது, எங்கள் பிள்ளைகளுக்குப் பேச ஆள் வரவில்லை. பொலிஸில் முறைப்பாடு எழுதுவதிலிருந்தே இதே கதைதான், ஆனால் தமிழ் 1987இலிருந்து அரச கரும மொழி என்கிறார்கள்.

கோபத்தில் ஏதும் கூடிப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நியமனத்துக்கு நாளாகும் என்றால், தயவுசெய்து அடுத்த தவணைக்கு முன் தமிழ் தெரிந்த ஒருவரையாவது அனுப்பி, அவனுடைய தாள்களை அவனுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதன்பிறகு அவன் எடுக்கும் முடிவு எதுவானாலும் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மஸ்கெலியாவிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளி