அந்த ஒரு பக்கத்தை எழுதித் தாருங்கள்

தடுப்பூசித் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். என் அக்காவுக்குச் சிறுநீரகம் மாற்றி இரண்டு வருடம் ஆகப்போகிறது. கொடுத்தது அத்தான்.

போன மாதம் அவவை இன்ஃபுளுவென்சா ஊசி போடக் கூட்டிப்போனேன். கிளினிக் கொப்பியைப் பார்த்த மிஸ்ஸி, "கிட்னி மாத்தின ஆளுக்குப் போட எங்களுக்குப் பயம், கொழும்பில கேட்டுக்கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். அவரில் பிழை இல்லை, அவருக்கும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சரி என்று இரவு பஸ் ஏறினோம். ஏறக்குறைய 260 கிலோமீற்றர். பின் சீற்றில் ஒருவர் ஹபரணையில் இருந்து குருநாகல் வரைக்கும் இருமிக்கொண்டே வந்தார், அக்கா மாஸ்க்குக்கு மேல் சேலைத் தலைப்பையும் பொத்திக்கொண்டு ஒரு கண் தூங்கவில்லை. காலையில், மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்கக் குடிக்கும் டக்ரோலிமஸ் குளிசையை வரிசையில் நின்றபடியே விழுங்கினா. டொக்டர் சொன்ன பதில்: "போடலாம்தானே, அங்கேயே போட்டிருக்கலாமே." அரை நிமிடம்கூட இல்லை. அதற்கு ஓர் இரவு, ஒரு பகல், அத்தானின் இரண்டு நாள் சம்பளம்.

இது உங்களுக்குத் தெரியாத விடயமா? இன்ஃபுளுவென்சா ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமி இல்லை, அதனால் நோய் வராது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தால் பலன் குறையலாம், அதனால்தான் வீட்டில் இருப்பவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் சின்னமுத்துக்கும் கொப்புளிப்பானுக்கும் போடுவது உயிருள்ள, வலுக்குறைத்த கிருமி. மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு அது ஆபத்து, முன்கூட்டியே, குறைந்தது நான்கு கிழமைக்கு முன் போட்டு முடித்திருக்க வேண்டும். இதை எங்களுக்கு டயலிசிஸ் காலத்தில் ஒருவரும் சொல்லவில்லை. இலங்கையில் ஒழிந்தது என்று 2019இல் அறிவித்த சின்னமுத்து 2023இல் திரும்பி வந்தபோது எவ்வளவு பயந்தோம் தெரியுமா?

நாங்கள் கேட்பது ஒரு பக்கம். எந்த ஊசி போடலாம், எது கூடாது, எப்போது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, மாற்றுச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே கிளினிக் கொப்பியில் ஒட்டிவிடுங்கள். பிரதி ஒன்று எங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கும் போகட்டும்.

கொப்பி முழுக்க ஆங்கிலம், தன் உடம்பைப் பற்றி எழுதியிருப்பதை அக்காவால் வாசிக்க முடியாது. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற அம்மாவின் மகனுக்கு எலும்பு மச்சை மாற்றியிருக்கிறார்கள், சின்ன வயதில் போட்ட ஊசிகளையே அவனுக்குத் திரும்பவும் போட வேண்டுமாம், எதை எப்போது என்று அவவிடமும் எழுத்தில் ஒன்றும் இல்லை. மூதூரில் இருந்தும் குச்சவெளியில் இருந்தும் வருகிறவர்களின் பாட்டை யோசித்துப் பாருங்கள்.

கோபத்தில் கூடுதலாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். அக்காவுக்கு அடுத்த கிளினிக் இரண்டு மாதத்தில். அதற்குள் அந்த ஒரு பக்கம் கிடைக்க, தயவுசெய்து வழி செய்யுங்கள்.